கவர்னரின் கடமையுணர்ச்சி

மனிதனுக்கு ஓய்வு உசிதமானது என்பதில் வைத்தியர்களுக்கும் வேதாந்திகளுக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் அந்த உபதேசம் பெட்ரோலில் ஓடும் ஒரு சிறு எஞ்சினுக்கும் பொருந்துமென்று எண்ணி, அதை மாடிப்படியின் கீழே சாக்குப் போர்த்திச் சில வருஷங்கள் படுக்க வைத்துவிட்டுப் பிறகொரு நாள் எழுப்பி வேலை வாங்க முற்படுகிறவர், உழைப்பினால் தேயாத இயந்திரமும் ஓய்வினால் கெட்டுப்போகும் என்ற தத்துவத்தைப் பிரத்தியட்சமாகக் காண்பார்.

எங்கள் வீட்டு ஜெனரேட்டர் மின்வெட்டுக் காலத்துச் சம்பாத்தியம். 2012-ஆம் வருஷத்தில் சென்னைக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு மின்சாரம் என்பது எப்போதாவது வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் தூரத்து உறவாக இருந்தது. தஞ்சைப் பக்கத்தில் அந்நாளில் ஒரு சுப காரியத்துக்கு நாள் பார்த்தவர்கள், ராகு காலத்தையும் எமகண்டத்தையும் தள்ளியபின், மின்வெட்டு நேரத்தையும் தள்ளிவிட்டு எஞ்சியதில்தான் முகூர்த்தம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பஞ்ச காலத்தில் அந்தி தோறும் எங்கள் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் தெருவார் காட்டிய மரியாதை, மின்சார நிலைமை சீரடைந்ததும் மறைந்தது, ஜெனரேட்டரும் மறைந்தது. அதை உள்ளே வைத்தபோது டாங்கியில் பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தது. எந்தப் பாத்திரத்தையும் காலியாக எடுத்து வைக்கலாகாது என்பது என் தாயார் கொண்டுவந்த சம்பிரதாயம். குங்குமச் சிமிழுக்கும் அரிசிப் பானைக்கும் விதித்த சாஸ்திரம் பெட்ரோல் டாங்கிக்குச் செல்லாது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

ஓர் ஐப்பசி மாதத்தில், புயல் சின்னம் ஒன்று வங்காள விரிகுடாவில் உருவாகியிருப்பதாக வானொலி அறிவித்த மாலையில், “இதோ பாருங்கள், அந்த மெஷினை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்” என்று இல்லத்தரசி உத்தரவிட்டாள். கயிற்றைப் பலமுறை இழுத்துத் தோள்பட்டையின் ஸ்தானமே சந்தேகமாகிவிட்ட கட்டத்தில் எஞ்சின் கிளம்பிவிட்டது. அடித்தொண்டையில் ஆரம்பித்து, ஒரே மூச்சில் உச்சஸ்தாயிக்கு ஏறி, அங்கே தரித்து நிற்க மனமில்லாமல் சரிந்து, இதோ அணைந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கும் தறுவாயில் மறுபடியும் ஏறியது. இத்தகைய எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால்தான் விநாடிக்கு 50 அலைவுள்ள மின்சாரம் கிடைக்கும். சுற்று ஏறி இறங்கினால் மின்சாரமும் உடன் ஏறி இறங்கும். ஆகையால் கூடத்து விளக்கு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. விசிறி வேகமெடுப்பதும் யோசிப்பதுமாக இருந்தது.

சத்தம் கேட்டு அண்டை வீட்டார் கூடினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் செய்து, அதன் பீங்கான் முனை வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கண்டு, “பரிசுத்தமாக இருக்கிறது” என்று நற்சான்று வழங்கினார். காப்பி நிறமே பிளக்குக்கு ஆரோக்கிய லட்சணம், கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் பற்றாக்குறை என்ற விஷயம் அப்போது அவையில் எவருக்கும் தெரியாது. என் மைத்துனர் காற்று வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சு இருந்த இடத்தில் மஞ்சள் தூள் மாத்திரம் இருந்தது. மூன்றாமவர் கார்பரேட்டரில் கண்ணுக்குப் பட்ட ஸ்குரூக்களை எல்லாம் ஒரு தர்மத்துக்குத் திருகி வைத்தார். ஏற்ற இறக்கம் மாத்திரம் மாறவில்லை.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டுவிட்டதாகவே சபை கருதியது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சிறிய லீவர், சத்தம் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கவர்னர் லீவர் என்று பெயர். “மற்றதெல்லாம் நிற்கிறது, இது ஒன்றுதான் ஆடுகிறது; இதைக் கட்டிப்போட்டால் சரியாகிவிடும்” என்று தலைமையாசிரியர் தீர்ப்பளித்தார். உடனே யாரோ கட்டுக்கம்பியும் கொண்டுவந்துவிட்டார்கள்.

கவர்னரின் மேல் பழி விழுவது புதிதல்ல. சுழலும் இரு குண்டுகளைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற உபாயம் காற்றாலைகளில் முன்பே வழங்கியது. அதை 1788-இல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமான ஏற்பாடு! ஆயினும் திருத்தம் காலம் தாழ்ந்தும் அளவு மிஞ்சியும் வருமானால், திருத்துகிறவரே ஆட்டத்தை வளர்த்துவிடுவார் என்பதை அனுபவத்தில் கண்டு எஞ்சினியர்கள் திகைத்தார்கள். மின்காந்த சாஸ்திரத்தின் பிதாமகரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-இல் கவர்னர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதி, எந்த நிலையில் இந்த ஆட்டம் அடங்கும், எந்த நிலையில் பெருகும் என்பதைக் கணித ரீதியாக ஸ்தாபித்தார். அத்தனை பெரிய மனிதர் அத்தனை சிரத்தையுடன் ஆராய்ந்த பிரச்சினையை எங்கள் தெருவார் ஒரு முழம் கட்டுக்கம்பியில் முடித்துவிடத் துணிந்தார்கள். அப்படிக் கட்டியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடி, மின்னழுத்தம் ஏறி, கூடத்து விளக்கு முதல் குளிர்பெட்டி வரையில் யாவும் ஏககாலத்தில் மோட்சம் அடைந்திருக்கக்கூடும்.

நல்லவேளையாக மெக்கானிக் வந்து சேர்ந்தார். வயதில் இளையவர், பேச்சில் சிக்கனமானவர். எவரையும் விசாரிக்காமல், சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தார்; அடுத்த க்ஷணம் எஞ்சின் சாந்தமாகி ஒரே சீராக ஓடியது. விட்டார், பழைய ஆட்டம் திரும்பியது. “கவர்னர் மேல தப்பே இல்லைங்கய்யா. பெட்ரோல் பத்தலை, காத்து ஜாஸ்தியா போவுது. ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு” என்றார். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும் சாதனம். அதை இழுத்தவுடன் ஆட்டம் நிற்குமானால் பஞ்சம் பெட்ரோலுக்குத்தான் என்பது அவர் சாஸ்திரம். பெட்ரோல் போதாமல் வேகம் தணிகிறது. தணிந்ததைக் கண்ட கவர்னர் பதறி, கார்பரேட்டரின் கதவை அகலத் திறக்கிறது. பெரிய துவாரத்தின் வழியே பெட்ரோல் பாய்ந்து வேகம் மிஞ்சுகிறது. மிஞ்சியதைக் கண்டு கதவை மூடுகிறது. மூடியதும் பாரம் முழுவதும் ஸ்லோ ஜெட் என்ற சிறிய துவாரத்தின் மேல் விழ, அதுவோ அடைந்து கிடக்கிறது. இவ்விதம் அந்த லீவர் தன் கடமையை அணுவளவும் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

அவர் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது எழுந்த வாசனை பெட்ரோலின் வாசனையே அல்ல. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த நெடி. பெட்ரோல் ஒரே திரவமன்று; எளிதில் ஆவியாகும் பாகமும் எளிதில் ஆகாத பாகமும் கலந்தது. வைத்திருக்க வைத்திருக்க லேசான பாகம் பறந்துபோகும். மிச்சம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிப் பிசினாகும். ஸ்லோ ஜெட் என்பது சின்னஞ்சிறு பித்தளைத் திருகு. அதன் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அதற்குள் அந்தப் பிசின் குடியேறியிருந்தது. ஊசி விட்டால் பித்தளை அகன்றுவிடும் என்று சொல்லி, மின் வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்தெடுத்து நுழைத்து, ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்தார். புது ஸ்பாஞ்சு, புதுப் பெட்ரோல், மூன்றாமவர் திருகிய ஸ்குரூக்களுக்குப் பிராயச்சித்தம் எல்லாம் ஆனபின் கயிற்றை இழுத்தார். கவர்னர் லீவர் லேசாக ஒருமுறை அசைந்து, பிறகு தனக்கு வேலையே இல்லாததுபோல் நின்றது.

இப்போது மாதத்துக்கு ஒரு முறை ஜெனரேட்டரை ஓட்டி, பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்திலுள்ள கடைசிச் சொட்டையும் அதுவே குடித்து அணையும்படி விடுகிறோம். எத்தனால் கலந்து ஈரத்தை உறிஞ்சும் இக்காலத்துப் பெட்ரோலுக்கு இது இன்னும் அவசியம் என்பது மெக்கானிக்கின் வாக்கு. என் தாயாரின் திருப்திக்காகச் சாக்கின் மேல் ஒரு பிடி அரிசி மாத்திரம் வைக்கப்படுகிறது.

இந்த ஞானத்தைப் பொதுநலத்துக்குப் பயன்படுத்தச் சமீபத்தில் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் நிதி நிலைமை ஒரு மாதம் ஏறி மறு மாதம் இறங்குவதால், இரவு பகலாக அலைந்துகொண்டிருக்கும் செயலாளரைக் கண்டிக்கக் கூட்டம் கூடியிருந்தது. ஓடியாடுகிறவரை விட்டுவிட்டு, அசையாமல் அடைத்துக்கொண்டிருப்பவர்களைத் தேடுங்கள் என்று நான் எழுந்து, சந்தா பாக்கிப் பட்டியலை வாசிக்குமாறு பிரேரணை செய்தேன். வாசிக்கப்பட்டது. தலைமையாசிரியரின் பெயர் முதலில் இருந்தது. என் மைத்துனர் பெயர் இரண்டாவது. சிறிது நேரம் அவையில் நிசப்தம் நிலவியது. பிறகு, செயலாளரின் அதிகாரங்களைக் கட்டிப்போடுவது என்று தலைமையாசிரியர் பிரேரிக்க, மைத்துனர் ஆமோதிக்க, தீர்மானம் பெருத்த ஆரவாரத்துடன் நிறைவேறியது.