எண்ணெய் தொடாத இரட்டைக் கிளச்சாரே!

இரட்டைக் கிளச்சு கியர்பெட்டியாரே, அதிலும் கிளச்சில் எண்ணெய் தொடாத உலர் குலத்தில் பிறந்தவரே, உம் பெருமையைப் பூம்புகாரில் பாடுவதே பொருத்தம். கடல் கடந்து வந்த குதிரைகளை இறக்கிய துறை என்று பட்டினப்பாலை சொல்லும் ஊர் இது. அந்தக் குதிரைகளுக்குக் கூட்டத்தில் மெல்ல நடக்கவும் தெரிந்திருக்கும். நீரோ அப்படித் தாழ்ந்து போகிறவர் அல்லர்.

உம் வேகத்தை யாரால் மறுக்க முடியும்? ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கிளச்சின் பொறுப்பு. இரண்டு, நான்கு, ஆறு இன்னொன்றின் பொறுப்பு. மூன்றில் ஓடும்போதே நான்கைத் தயாராக வைத்திருப்பீர். ஒரு கை விட, மறு கை பிடிக்க, கியர் விழுந்ததே தெரியாது. 2003-இல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் வந்த உம் அண்ணன் எண்ணெயில் ஊறிக் கிடப்பவர். நீர் விரதக்காரர். எண்ணெயைக் கடையும் வீண்வேலை இல்லாததால் கொஞ்சம் பெட்ரோலும் மிச்சம் பிடிப்பீர். ஆளில்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையில் உம்மோடு போவது சுகம்தான்.

தை அமாவாசையன்று தருமகுளத்தில் திரும்பிப் பூம்புகார்க் கடற்கரைக்குப் போகும்போதுதான் உம் அருள் முழுதாக விளங்கும். முன்னே வேன், அதற்கு முன்னே ஊர் பஸ், ஓரத்தில் நடந்து போகும் ஜனம். வண்டி ஓரடி நகரும், நிற்கும், மறுபடி ஓரடி நகரும். மேனுவல் வண்டி டிரைவர் இந்த இடத்தில் கிளச்சை முழுசாக மிதித்து, நியூட்ரலில் போட்டு, முன்னே இடம் விட்டுக் காத்திருப்பார். நீர் காத்திருக்க மாட்டீர். வண்டியை ஊர வைக்கப் பாதிக் கிளச்சில் தேய்த்துக்கொண்டே இருப்பீர். தேய்ந்தால் சூடு; சூட்டை வாங்கிக்கொண்டு போக எண்ணெய் இல்லை. வண்டி உதறும். அப்புறம் திரையில் எச்சரிக்கை: ஓரமாக நிறுத்து, ஆறட்டும். ஏசி காரில் வந்த குடும்பத்தை இறக்கிவிட்டு, வெயிலில் நடத்திக் காவிரி சங்கமத்தில் முழுக்குப் போட வைக்கும் புண்ணியம் வேறு எந்தப் பெட்டிக்கு வாய்க்கும்?

உம் மானமும் பெரிது. பேட்டரி செத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்ய விடமாட்டீர். நின்றுவிட்டால் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கவும் சம்மதியீர். சக்கரம் தரையில் படாமல் தட்டு லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே உமக்கு மரியாதை. சீர்காழி மெக்கானிக்கின் கை உம்மேல் படக்கூடாது. உமக்கென்று தனிக் கருவி, தனிக் கணினி, புதுக் கிளச்சு மாட்டிய பிறகு அதற்கு மறுபடி பாடம் சொல்லித்தரும் சடங்கு. கும்பகோணத்தில் ஆகாது, தஞ்சாவூரில் ஆகாது என்றால், 250 கிலோமீட்டர் தாண்டிச் சென்னையைக் காட்டுவீர். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, அந்தக் காசில் வண்டி வாங்கியவர்களுக்கு இப்படித் தலைநகர் தரிசனம் கிடைக்கிறது.

மேனுவல் கியருக்கு இந்த மரியாதை உண்டா? அது மானமில்லாதது. எவன் தொட்டாலும் கழலும். கிளச்சு பிளேட் போனால் மாலைக்குள் மாற்றி அனுப்பிவிடுவார்கள். அம்பாசடர் காலத்தில் முதல் கியர் சத்தம் போட்டுத்தான் விழும். போடத் தெரியாதவனை ஊருக்கே காட்டிக் கொடுக்கும். ஏஎம்டி அதன் தம்பி. இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவில் வந்தது. அதே பழைய பெட்டிதான், கிளச்சை மிதிக்கக் காலுக்குப் பதில் ஒரு மோட்டார். கியர் மாறும்போது தலையாட்ட வைக்கும், ஊர்ந்தால் பிளேட்டைத் தின்னும். டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கோ சோம்பேறி, பெட்ரோல் குடிக்கும். ஊரும்போது தேய வேண்டியதை எல்லாம் எண்ணெயிடம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். அதனால்தானோ என்னவோ, கூட்டத்தில் நின்று கதை சொல்லும் வாய்ப்பை அது யாருக்கும் தருவதில்லை. எண்ணெய்க்கு மட்டும் காலம் தவறாமல் கவனிப்பு வேண்டும்.

உம் கீர்த்தி உலகறிந்தது. சீனத்தில் 2013-இல் உம் குலத்துக்காக வோக்ஸ்வாகன் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் ஏறி ஆஸ்திரேலியா வரை போனீர். அங்கே ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் என்று உம்மைச் சுமந்து விற்ற கார்கள் சுமார் 70,000. அவற்றில் ஏறக்குறைய பாதி ஒரு தடவையாவது பழுதுக்குப் போயின. உதறுகிறது என்று வந்து நின்றவர்களுக்கு நீங்கள் ஓட்டும் விதம் அப்படி என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். எத்தனை குருபக்தி! குற்றம் ஒருநாளும் உம்முடையது ஆகாது, ஓட்டுகிறவன் காலுடையது. அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டும் இந்தப் பக்தி புரியவில்லை. வாடிக்கையாளர்களை நடத்திய முறை மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று 2018-இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதற்கு முன்பே, 2017-இல், இந்தியாவில் வந்த புது எக்கோஸ்போர்ட்டில் உமக்கு ஓய்வு கொடுத்து, அந்தச் சோம்பேறி டார்க் கன்வர்ட்டரை உட்கார வைத்துவிட்டார்கள்.

நீர் குறையொன்றும் இல்லாதவர் என்பதை விற்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் டெஸ்ட் டிரைவுக்குக் காலையில், வெறிச்சோடிய பைபாஸில், இரண்டு பேரோடு கூட்டிப் போகிறார்கள். கிளச்சு செட் என்ன விலை, வாரண்டி முடிந்த பின் யார் கொடுப்பது என்ற சில்லறைப் பேச்சு உம் சந்நிதியில் எழுவதில்லை. உம்மேல் எனக்கு உள்ள அன்புக்கு அந்த டெஸ்ட் டிரைவ் போதவில்லை. ஐந்து பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, தை அமாவாசைக் காலையில் தருமகுளத்திலிருந்து கடற்கரை வரைக்கும் உம்மை ஓட்டிக் காட்டட்டும். திரும்பி வந்ததும் கிளச்சு செட்டின் விலையை, மாற்றும் கூலியோடு, வண்டி விலைக்குப் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.