இலவசக் கச்சேரியால் இனவெறி போகுமா?

கேள்வி: உரிமைப் போராட்டத்துக்குப் பாட்டுக் கச்சேரி எதற்கு? ஓசியில் பாட்டுக் கேட்க வரும் கூட்டம் கொள்கையைக் கேட்குமா?

பதில்: கேட்க வைக்க ஒரு வழி உண்டு. முதலில் நடக்க விடுவது!

1978 ஏப்ரல் 30, லண்டன். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை இனவெறியை எதிர்த்துப் பல மைல் ஊர்வலம். அதன் பிறகுதான் கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் குழுக்களின் கச்சேரி. டிக்கெட் இல்லை, கால்வலிதான் கட்டணம். பல்லாயிரம் பேர் கட்டினார்கள்.

இந்தக் கச்சேரிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன். தெரியாமல்தான்! 1976இல் பர்மிங்ஹாம் மேடையில், குடியேறியவர்களுக்கு எதிராகப் பொரிந்து தள்ளினார். கறுப்பர்களின் புளூஸ் இசையில் வளர்ந்தவர். இரண்டு வருடம் முன்புதான் ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம். கொதித்துப்போன ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத, 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' (இனவெறிக்கு எதிராக ராக் இசை) இயக்கம் பிறந்தது. கறுப்பரின் ரெகே இசையும் வெள்ளையரின் பங்க் இசையும் ஒரே மேடையில் ஏறின.

பலன்? 1979 தேர்தலில் இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றது. அத்தனையிலும் டெபாசிட் காலி.

முழுப் பெருமையையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். குடியேற்றத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசி, நேஷனல் ஃப்ரண்டின் ஓட்டுகளில் கொஞ்சத்தை கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சரும் அள்ளிக்கொண்டார்.