இராச் சஞ்சாரி

மாலை ஏழு மணி அடித்த மாத்திரத்தில், குரோம்பேட்டையில் எங்கள் தெருக் கோடியில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளைக் காரின் உறை மெல்ல விலகுமானால், தவணைக் கனவான் நகர்வலத்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்பதைப் பால் பூத்துக்காரர் முதல் தெரு நாய்கள் வரை சகலரும் அறிவார்கள். சூரியனோடு அவருக்கு விரோதம் ஒன்றுமில்லை. கடன் நிலுவையை வசூலிக்கும் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைத் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கை விட்டதல்லவா? தொலைபேசிக்கென்று சொன்ன அந்த விதியைத் தம் தேகத்துக்கும், காருக்கும், காய்கறி வாங்கப் போவதற்கும் விஸ்தரித்துக்கொண்டது அவருடைய சொந்த வியாக்கியானம்.

கார் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே, மாப்பிள்ளை தனியாகப் படமெடுத்துக்கொள்ளும்போதும் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிற மாமனாரைப் போல, வங்கியின் பெயரும் வீற்றிருக்கிறது. டெலிவரி எடுத்த அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பம்பருக்கு மாலை சாத்தி, தெரு முழுவதற்கும் லட்டு வழங்கிய உற்சாகத்தில் அந்தப் பெயர் அவர் கண்ணில் படவில்லை; படாததில் ஆச்சரியமுமில்லை.

தவணை தவறியவருக்கு வங்கிச் சாஸ்திரம் நான்கு ஆசிரமங்களை விதித்திருக்கிறது. 30 நாள் வரை ஒன்று, 60 நாள் வரை இரண்டு, 90 நாள் வரை மூன்று. அதையும் தாண்டினால் வாராக்கடன் என்னும் பூரண சந்நியாசம். நமது கனவான் இப்போது வானப்பிரஸ்தத்தில் இருக்கிறார். எழுபத்திரண்டாம் நாள் என்று நினைக்கிறேன்.

விமோசனத்துக்கு வழி தெரியாதவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இரவு எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, தம்மைப் போலவே தவணை தவறிய ஒரு லோடு ஆட்டோக்காரருக்கு அவர் செய்யும் உபதேசத்தைக் கேட்டால், நிதித்துறைக்கு இவரை ஏன் அழைத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

"நேரா மேனேஜரைப் பாருங்க. தவணைக் காலத்தை நீட்டித் தாங்கன்னு எழுதிக் கொடுங்க. எட்டு லட்சத்துக்கு 9 சதவீத வட்டின்னு வைங்க. 60 மாசம்னா மாசம் பதினாறாயிரத்து அறுநூறு, 84 மாசம்னா பதிமூணாயிரத்துக்குள்ள அடங்கிடும். மொத்தத்துல எண்பத்தஞ்சாயிரம் கூடப் போகும், அது வேற விஷயம். முடியலைன்னா வங்கி சம்மதத்தோட நாமளே வித்து, கடனை அடைச்சு, தடையில்லாச் சான்றும் 35ஆம் நம்பர் படிவமும் வாங்கிட்டா ஆர்.டி.ஓ. ஆபீசுல பேரை எடுத்துடுவாங்க. அவங்க தூக்கிட்டுப் போய் ஏலம் விட்டா நல்ல விலை வராது. குறையுற பணத்தையும் நம்மகிட்டதான் கேப்பாங்க. குறைச்சுக் கட்டி செட்டில்மென்ட் பண்றது மட்டும் கடைசி பட்சம். சிபில்ல 'செட்டில்டு'ன்னு விழுந்துடும், அடுத்த கடனுக்கு அது ஆகாது."

இத்தனையும் அட்சர சுத்தமாகச் சொல்லி முடிக்கும்போது அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி அதிரும். மணி ஏழைக் கடந்துவிட்டது என்பது நினைவிருந்தும் ஒருகணம் அவர் முகம் வெளிறி, அழைப்பது மனைவிதான் என்று கண்டபின் ரத்தம் திரும்பும். உபதேசம் பெற்ற ஆட்டோக்காரரோ மறுநாளே வங்கிக்குப் போய், தவணையைக் குறைத்துக்கொண்டு வந்து, குருதட்சிணையாக ஒரு வடை வாங்கித் தந்தார்.

அன்றிரவு வீட்டில் அம்மையார் கேட்டாராம்: "என்னங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்களும் ஒரு நடை போய் அந்த மேனேஜரைப் பார்த்துட்டு வந்தா என்ன?"

கனவான் வெகுநேரம் யோசித்தார். வங்கிக்குப் போவதில் தமக்குக் கொள்கையளவில் யாதொரு ஆட்சேபமும் இல்லை என்றும், ஆனால் அந்தப் பாவிகள் பகலில் மட்டுமே திறந்து வைக்கிறார்களே என்றும் சொல்லி, கார் சாவியை எடுத்துக்கொண்டு காற்று வாங்கக் கிளம்பினார்.