விமானம் யாருடையது?

கேள்வி: காலாண்டு விடுமுறையில் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் பள்ளியில் விதிக்கும் கைவேலையைப் பெற்றோரே செய்து கொடுப்பது நியாயமா?

பதில்: தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய ராஜராஜ சோழன், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றோர் கொடுத்தவை யாவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டும்படி ஆக்ஞாபித்தான், பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே சாஸனத்தில் இருக்கிறது. என் பேரனுடைய தெர்மாகோல் பெரிய கோயிலிலோ, விமானத்தை அறுத்தவன் தகப்பன், மைதா மாவில் நந்தி பிடித்தவள் பாட்டி, எனாமல் வர்ணம் பூசிச் சிகரத்தைக் கரைத்த பாதகம் அடியேனுடையது; பேரனுடைய கைங்கரியம், உலராத பசையில் விரல் வைத்துப் பார்த்தது மாத்திரமே. எனினும், ஒட்டிய சீட்டில் அவன் நாமதேயம் ஒன்றே பிரகாசிக்கிறது. தாராளமாகச் செய்து கொடுங்கள், ஐயா. கல்வெட்டை மட்டும் ஒழுங்காக வெட்டுங்கள்.