நாலு பாக்ஸும் ஒரு மிக்சரும்

கேள்வி: அம்மன் கோயில் கொடைக்கு பவர்டு மிக்சர் வாங்கினோம். ஒரு சேனலில் இரண்டு 8 ஓம்ஸ் பாக்ஸ் நன்றாகப் பாடுகின்றன. மேலும் இரண்டைக் கோக்கச் சொல்கிறார் தர்மகர்த்தா. கோக்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர் கணக்கு உண்டியலோடு நிற்கட்டும். பேரலலாக இரண்டைக் கோத்தால் 4 ஓம்ஸ், நாலைக் கோத்தால் 2. உங்கள் மிக்சரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 'குறைந்தது 4 ஓம்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அதுதான் எல்லை. மீறினால் ஆம்ப் சூடேறி, சரியாகத் தீபாராதனை நேரம் பார்த்துப் படுத்துவிடும். (புகைந்தால் சாம்பிராணி என்று சமாளிக்க முடியாது.)

சத்தம் போதவில்லையா? சொந்த ஆம்ப் உள்ள பாக்ஸ் இரண்டு வாடகைக்கு எடுத்து, லைன் அவுட்டில் சொருகுங்கள். ஸ்பீக்கர் அவுட்டில் சொருகினால் முதல் பலி அந்த வாடகை பாக்ஸ்தான்.

பழைய பாக்ஸுகளுக்கு கிட்டார் ஒயர் வேண்டாம். முனை பொருந்தும், உள்ளே கம்பி மெலிசு.