உங்களால் ஆகாதது எது?

கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள எங்கள் முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களைப் போலக் காரியம் முடிக்கத் தெரிந்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறிய அன்று, பொழுது சாய்வதற்குள் சோற்றுக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றியவர்கள் நீங்கள். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் ஷெல்லடிக்குத் தப்பிக் கந்தளாய்க்கு ஓடியபோது, எந்தக் குடும்பம் எந்தப் பாடசாலையில் தங்குவது, யாரிடம் கைக்குழந்தை இருக்கிறது, யாருடைய மையித்தை எங்கே அடக்குவது என்று கணக்கு வைத்திருந்தவர்களும் நீங்களே. அரசாங்கத்தின் கோப்பு வருமுன் உங்கள் கொப்பி வந்தது. வாப்பாமாரே, மாமாமாரே, காக்காமாரே, உங்களைப் புகழத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்ப்புகழ் இல்லை.

மகன்மாருக்கு நீங்கள் செய்ததை முதலில் சொல்கிறேன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் மைதானம் அவர்களுடையது. கட்டாரில் உழைக்கும் பிள்ளைகளிடம் சொல்லி ஜேர்சி எடுத்துக் கொடுத்தீர்கள். சுற்றுப்போட்டி என்றால் கடை கடையாக ஏறி நன்கொடை சேர்த்தீர்கள். பாங்கு ஒலித்தால் பந்து நிற்கும், பிள்ளைகள் பைப்படிக்கு ஓடுவார்கள். வெளியூர் அணிகள் பார்த்து வியந்த ஒழுங்கு அது. எங்கள் ஷாஃபி மத்ஹபில் ஆணுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை அவ்ரத். பந்தடிக்கிறவனின் கட்டைக் காற்சட்டை முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். ஹஸ்ரத்மாரும் முன்வரிசைக் கதிரையில் இருந்து இறுதிப்போட்டி பார்த்திருக்கிறார்கள். பிள்ளை போதைப் பக்கம் சாயாமல் மைதானத்தில் நிற்கிறானே, அந்த நன்மை பெரிது என்று நிறுத்துப் பார்த்தீர்கள், காற்சட்டையை விட்டுக்கொடுத்தீர்கள். மார்க்கத்தை நன்றாக ஓதியவர்களுக்குத்தான் எந்த இடத்தில் இளகலாம் என்பது தெரியும். அந்தப் பெரிய மனதை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன்.

மகள்மாரை நீங்கள் பொத்திப் பாதுகாப்பதும் ஊரறிந்தது. இல்ல விளையாட்டுப் போட்டியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தேசிக்காய் ஓட்டம் ஓடும்போது உங்களைவிடப் பலமாகக் கைதட்டுகிறவர் இல்லை. பெரிய பிள்ளையான பிறகுதான் கவலை தொடங்குகிறது. அந்தக் கவலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கோட்டமட்டப் போட்டி அரை நாள், போய் வரட்டும். வலயமட்டம் ஒரு பகல், உம்மாவோ ராத்தாவோ கூடப் போனால் யோசிக்கலாம். மாகாணமட்டம் என்றால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இரவு தங்க வேண்டும், அங்கே முற்றுப்புள்ளி. வலயத்தில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரை வெட்டி இரண்டாவதாக வந்தவளின் பெயரை எழுதுகிற உடற்கல்வி ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வாய் திறந்து உங்களைக் குறை சொன்னதில்லை. உங்கள் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

இரவு தங்குவது பெரிய பொறுப்புத்தான். அந்தப் பொறுப்பை உங்களைப் போலத் தாங்கக்கூடியவர்கள் யார்? பெண்பிள்ளைகளுக்கான அரபுக் கல்லூரிகளை நடத்துகிறீர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் விடுதியில் தங்கி ஓதுகிறார்கள். பொறுப்பான விடுதித்தாய், நேரத்துக்குச் சாப்பாடு, விடுமுறைக்கு வீடு சேர்க்கும் பஸ், வாசலில் நம்பிக்கையான காவல் என்று ஒன்றும் குறைவில்லை. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு உம்மாமார் நிம்மதியாக உறங்குகிறார்கள். ஐந்து வருடத்தை இவ்வளவு கவனமாகக் கொண்டு நடத்தும் கைகளுக்கு மட்டக்களப்பில் இரண்டு இரவு ஒரு பாரமா?

எங்கள் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலும் உங்கள் அக்கறை பெரிது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தில் அவர்கள் வாங்கும் புள்ளிகளைப் பாருங்கள். வலைப்பந்து மைதானம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். அதை மூன்று சம பாகமாகப் பிரிக்க வேண்டும். கோல் வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர், வளையத்தின் உயரம் 3.05 மீற்றர், அணிக்கு ஏழு பேர், பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடி. அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு பிசகாமல் கீறுவார்கள். 'ஏ' சித்தி வரும். அந்தக் கோட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காமல் இவ்வளவு துல்லியமாகக் கீறப் பழகியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளின் திறமையை என்னவென்பது! 2018இலும் 2022இலும் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வளையத்தின் கீழ் நின்று போட்ட பந்துகளை எங்கள் வீடுகளிலும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நீங்களும் மகிழ்ந்தீர்கள். அப்போது பக்கத்திலிருந்த பிள்ளையின் முகத்தையும் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆடை விஷயத்தில் உங்கள் உறுதியைச் சொல்லாமல் இந்தப் புகழ் நிறையாது. 2018இல் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் எங்கள் ஆசிரியைகள் அபாயா அணிவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது நீங்கள் அவர்களுக்குப் பின்னால் மலையாக நின்றீர்கள். விஷயம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. ஆடை ஒரு பெண்ணின் வேலைக்குத் தடையில்லை, அவள் விரும்பிய உடுப்போடு எங்கேயும் திறமை காட்டலாம் என்று நாடு கேட்கச் சொன்னீர்கள். சொன்னது முழுக்க உண்மை. உதைபந்தாட்டத்தின் உலக அமைப்பு 2014இலும், கூடைப்பந்தின் உலக அமைப்பு 2017இலும் அதை ஏற்றுக்கொண்டு தலைமறைப்புக்கு வழிவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபோடு வாள்வீச்சில் வெண்கலம் வாங்கினார். 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு உதைபந்தாடினார். அரபு நாட்டில் நடப்பதை அறிவதில் நீங்கள் ஒருபோதும் பிந்தியவர்கள் அல்லர். அங்கிருந்து வந்த உடுப்பு ஒரு தலைமுறைக்குள் எங்கள் ஊர் முழுக்கப் பரவிற்று. சவூதி அரசாங்கம் பெண்பிள்ளைகளின் அரச பாடசாலைகளில் உடற்கல்வியைத் தொடங்கப்போவதாக 2017இல் அறிவித்த செய்தியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அதை நிதானமாக ஆராய்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பயான். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கணவன் மனைவியிடம் எப்படி அன்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஹஸ்ரத் ஒரு வரலாறு சொல்வார். பயணமொன்றில் நபியவர்கள் (ஸல்) கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா நாயகியுடன் (ரழி) ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையவர்கள் வென்றார்கள். பின்னொரு காலத்தில் உடம்பு கனத்திருந்தபோது மீண்டும் ஓடி, அந்த முறை தோற்றார்கள். அன்றைய வெற்றிக்கு இது ஈடு என்று நபியவர்கள் சொன்னார்கள். ஹஸ்ரத் இதைச் சொல்லும்போது திரைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்போம். என் மனம் வேறோர் இடத்தில் நின்றுவிடும். கூட வந்தவர்களை முன்னே போகச் சொன்னார்களே, அந்த இடத்தில். அந்நியர் பார்வை என்ற கேள்வி அன்றும் இருந்தது. ஓடாதே என்று அன்னையவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பார்க்கக்கூடியவர்கள்தான் நகர்ந்தார்கள். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் ஓதிக் காட்டிய ஸுன்னத்து இது. எங்களுக்கு வேறு ஆதாரம் தேட வேண்டிய சிரமத்தையும் வைக்கவில்லை. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

சீனி வருத்தக் கிளினிக்கில் பெண்களுக்குத் தனி வரிசை கேட்டு வாங்கியவர்களும் நீங்கள்தான். அந்த வரிசையில் என்னோடு படித்தவர்கள் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் என்னைவிட வேகமாக ஓடியவர்கள். பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரையான பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை, ஆண்பிள்ளைகளில் 78 பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. அது உலகக் கணக்கு. எங்கள் ஊர்க் கணக்கை அந்த வரிசையில் போய் நின்று பார்க்கலாம்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை மிதப்புப் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தோம். எத்தனை மனு, எத்தனை தூது! அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர், ஓட்டத்திடலின் ஒரு சுற்றுக்கு நான்கு மீற்றர்தான் குறைவு. அப்படியொன்றை விடாமல் கேட்டு வாங்கியவர்கள் மைதானம் கட்டித் தாருங்கள் என்று இன்னொரு அரசாங்கத்திடம் போய் நிற்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் ஓதும் இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில் கட்டியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து ஒரு கண் உள்ளே எட்டாது. அவ்வளவு நேர்த்தியான மதில். உள்ளே இருக்கும் வெறும் வளவு ஒரு வலைப்பந்து மைதானத்துக்குத் தாராளம். பயிற்றுவிக்க எங்கள் ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள், நடுவர்களாகவும் அவர்களே நிற்பார்கள். வரும் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அந்த வாசலைத் திறந்துவிடுங்கள். கம்பம் இரண்டு நட ஒரு காலைப்பொழுது போதும். கோடு போட ஆள் அனுப்ப வேண்டாம். அளவெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.