சங்கரன்கோவிலில் கணினி கொள்ளும் முறை: ஒரு முன்னாய்வு

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில், வீட்டு உபயோகத்துக்குக் குறைந்த விலையில் மேசைக் கணினி வாங்குதல் என்னும் எளிய செயல், கடை வாசலில் தொடங்கிச் சமயவாதமாக முதிர்வது ஏன் என்று ஆராய்வோர், முதற்கண் அவ்வூர்த் தலபுராணத்தை நோக்க வேண்டும். சிவனே பெரியவர் என்ற சங்கனும் திருமாலே பெரியவர் என்ற பதுமனும் ஆகிய நாக அரசர் இருவரும் வழக்கிட, கோமதியம்மன் தவமிருக்க, ஆடித் தபசன்று இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணராய்த் தோன்றி அவ்வழக்கைத் தீர்த்தார் என்பது ஐதீகம். கணினியின் மூளையாகிய சில்லு இன்டெல் நிறுவனத்ததா ஏஎம்டி நிறுவனத்ததா என்னும் வழக்கோ, வீட்டுக்கொரு 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச மச்சான்' உள்ளவரை தீரும் வழக்கன்று. மச்சான் எனப்படுவோர், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, பெட்டியைப் பாராமலேயே போனில் தீர்ப்புரைக்கும் அதிகாரம் பெற்றவராவர்.

இவ்வழக்கில் இரு கட்சியாரும் கவனியாத சான்று ஒன்றுண்டு. கட்டளைத் தொகுதி எனப்படும், சில்லுக்குப் புரியும் மொழியை 1978இல் 8086 சில்லின் வழியே தந்தது இன்டெல். 1982 ஒப்பந்தப்படி அவ்வகைச் சில்லுகளைச் செய்யும் உரிமை பெற்ற ஏஎம்டி, 2003இல் அம்மொழியை 64 பிட்டுக்கு விரித்த சில்லை வெளியிட, மறு ஆண்டே இன்டெல்லும் அவ்விரிவை ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்தக் கட்சியின் பெட்டியைத் திறப்பினும் உள்ளே எழுந்தருளியிருப்பது இருபாதித் திருமேனியே.

சித்தாந்தம் இவ்வாறு தெளிந்தபின், கரண்ட் பில் கட்டல், ரயில் டிக்கெட் எடுத்தல், டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பித்தல், பிள்ளையின் ப்ராஜெக்டைத் தட்டச்சு செய்தல், பழைய பாட்டுக் கேட்டல் ஆகிய ஐந்தொழிலுக்கும் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளம் என்பது பெறப்படும். எஸ்எஸ்டியாவது சுழலும் தட்டில்லாத சேமிப்பகம். ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றியும் தேடிக்கொண்டிருப்பதை அது அசையாமல் எடுத்துத் தருமாதலின், கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிவது இந்த ஒரு பாகத்தில்தான். ஆயினும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்னும் கோட்பாட்டினர் கிராபிக்ஸ் கார்டுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு எஸ்எஸ்டியில் சிக்கனம் பிடிப்பர்.

சென்னை ரிச்சி தெருவில் குவியும், அலுவலகங்கள் கழித்த பழைய பெட்டிகள் மலிவும் உறுதியும் உடையனவே. எனினும் ஐ5 என்ற ஒட்டி இன்டெல் சில்லின் குலப்பெயர் மட்டுமே, வயதைச் சொல்வது தலைமுறை எண். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டமையாலும், விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றைப் பெரும்பாலும் ஏற்காமையாலும், பெண் பார்க்கும்போது கேட்பதுபோல் வயதை நாசூக்காகக் கேட்காமல், நேராகவே கேட்டுவிடலாம்.

யுபிஎஸ் என்பது மின்தடையில் வேலையைத் தொடர்வதற்கன்று, சேமித்துவிட்டு அணைப்பதற்கு என்று இங்குக் குறித்தால் போதும். விரித்துரைக்க வேண்டியது தூசி. விசைத்தறிகள் நிறைந்த ஊராதலின் காற்றில் மிதக்கும் பஞ்சிழை பெட்டிக்குள் புகுந்து, சில்லின் மேலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்கில் படிய, வெப்பம் வெளியேறாமல் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீட்டார் இதனை வைரஸ் என்பர். மாற்றாகப் பூப்போட்ட துணியுறை தைத்து மாட்டுவதும், கணினி ஓடும்போதும் அதனைக் கழற்றாதிருப்பதும் சில இல்லங்களின் மரபு. அங்குத் தூசி உட்புகுவதில்லை, சூடும் வெளியேறுவதில்லை.